பக்கத்து ஆளின் கேடயம்

கல்லூரி விடுதியில் அறைத்தோழனின் கணினியில்தான் முதன்முதலில் 'ரோம்: டோட்டல் வார்' விளையாடினேன். 2004-இல் வந்த கேம். எங்கள் விடுதிக்கு வந்து சேர இரண்டு வருடம் ஆயிற்று. மற்றவர்கள் எல்லாம் ரோமானியக் குடும்பங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஐரோப்பாவைப் பிடிக்கக் கிளம்புவார்கள். நான் கிரேக்க நகரங்களை எடுப்பேன். அதற்குக் காரணம் ஒரு பொத்தான். ஹாப்லைட் என்ற ஈட்டிக் காலாட்படையைத் தேர்ந்தெடுத்து அந்தப் பொத்தானை அழுத்தினால், முன்வரிசைகளில் இருப்பவர்கள் மொத்தமாக ஈட்டியைத் தாழ்த்தி முன்னால் நீட்டுவார்கள். அதுதான் ஃபாலங்க்ஸ். ஒரு பாலத்தின் முனையில் மூன்று யூனிட்டுகளை அப்படி நிறுத்திவிட்டால் போதும். குதிரைப்படை, வாள்வீரர்கள், தளபதி என்று யார் வந்தாலும் அந்த முள்வேலியில்தான் விழுவார்கள். விளையாடுகிற எனக்கு வேலையே இருக்காது.

கிரேக்கர்கள் இப்படித்தான் சண்டை போட்டார்கள் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் 'யூரோப்பா பார்பரோரம்' கிடைத்தது. அதே கேமை எடுத்து ரசிகர்கள் ஊதியம் எதுவும் இல்லாமல் வருடக்கணக்கில் உட்கார்ந்து மாற்றிச் செய்த மோட் அது. கி.மு. 272-இல் கதை தொடங்கும். படைகளின் பெயர்கள் அந்தந்த மக்களின் மொழியிலேயே இருக்கும். ஒவ்வொரு யூனிட்டின் படத்தையும் திறந்தால் பக்கம் பக்கமாக வரலாற்றுக் குறிப்பு. ஏதென்ஸ், ஸ்பார்ட்டா, ரோட்ஸ் மூன்றும் சேர்ந்த 'கொய்னான் ஹெல்லேனோன்' என்ற கிரேக்கக் கூட்டணியை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல ஒரு பாலத்துக்கு ஹாப்லைட்டுகளை அனுப்பினேன். பொத்தானைத் தேடினால் பொத்தானே இல்லை. வீரர்கள் ஈட்டியைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்து, கேடயத்தை முன்னால் வைத்துக்கொண்டு, எட்டிக் குத்தினார்கள். சண்டை மெதுவாக, நீளமாக நடந்தது. எதிரி என் வரிசையின் வலப்பக்கமாகச் சுற்றி வந்தான். தோற்றுப்போனேன்.

மோடில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். குறிப்பைப் படித்த பிறகுதான் புரிந்தது, இத்தனை நாள் நான் விளையாடிய ஹாப்லைட்டுதான் தப்பு. அன்றைக்கு ஆரம்பித்த படிப்பு இன்னும் முடியவில்லை.

கேமில் பார்த்த அந்த முள்வேலி மாசிடோனியர்களுடையது. சரிஸ்ஸா என்ற நீண்ட ஈட்டி, நான்கரை முதல் ஐந்தரை மீட்டர், பிற்காலத்தில் அதற்கும் மேல். இரண்டு கையாலும் பிடித்தால்தான் தூக்க முடியும். அதனால் கேடயம் சிறியதாகித் தோளில் தொங்கும். முன்வரிசையில் நிற்கும் ஒவ்வொருவனுக்கும் முன்னால் ஐந்து சரிஸ்ஸாக்களின் முனைகள் நீண்டிருக்கும் என்று பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார். ஹாப்லைட்டின் ஈட்டி வேறு. டோரு என்று பெயர், நீளம் இரண்டிலிருந்து இரண்டரை மீட்டர், ஒரு கையில் பிடிப்பது. நுனியில் இரும்பு, அடியில் வெண்கலக் குத்துமுனை. அடிப்பக்கம் கனமாக இருப்பதால் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பிடித்தாலும் ஈட்டி சமநிலையில் நிற்கும், எட்டும் தூரம் கூடும். இந்த டோருவை வைத்துக்கொண்டு ஐந்து வரிசை முனைகளை வெளியே நீட்டவே முடியாது. மூல கேம் இந்த இரண்டு படைகளையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டி, மாசிடோனியனின் வேலியை ஸ்பார்ட்டாக்காரன் கையில் கொடுத்துவிட்டது.

ஈட்டியைப் பற்றி எழுதினால் எழுதிக்கொண்டே போகலாம். ஆனால் ஹாப்லைட்டைப் புரிந்துகொள்ளக் கேடயத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அஸ்பிஸ் என்பது அதன் பெயர். வட்டமானது, விட்டம் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர், எடை ஆறிலிருந்து எட்டு கிலோ. கிண்ணம்போல் குழிந்த மரம், மேலே மெல்லிய வெண்கலத் தகடு. இதை மற்றக் கேடயங்களிலிருந்து பிரித்துக் காட்டுவது உள்ளே இருக்கும் பிடி. சரியாக நடுவில் ஒரு வளையம், அதற்குள் இடது முன்கையை முழங்கை வரை நுழைக்க வேண்டும். ஓரத்தில் கயிற்றுப்பிடி ஒன்று, அதை விரல்கள் பற்றிக்கொள்ளும். அதாவது முழங்கை இருக்கும் இடம் கேடயத்தின் மையம். படிக்கும்போது இதைத் தாண்டிப் போய்விடுவோம். நானும் பல வருடம் தாண்டித்தான் போனேன்.

ஒரு விடுமுறையில் தெருமுனைத் தச்சுப் பட்டறையில் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டை 90 சென்டிமீட்டர் வட்டமாக வெட்டி வாங்கினேன். பழைய தோல் பெல்ட்டை நடுவில் வளையமாக அடித்து, ஓரத்தில் கயிறு கட்டி, தராசில் வைத்துப் பார்த்தால் ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. எட்டடி மூங்கில் கழி ஒன்றையும் எடுத்துக்கொண்டு தம்பியோடு மொட்டை மாடிக்குப் போனேன். கையை நுழைத்துக் கேடயத்தை மார்புக்கு முன்னால் பிடித்ததுமே தெரிந்தது, பலகையில் பாதி எனக்கு உதவவில்லை. முழங்கைக்கு இடப்புறம் கிட்டத்தட்ட ஒன்றரை அடிப் பலகை வெறும் காற்றை மறைத்துக்கொண்டிருந்தது. "அண்ணா, நான் அங்கே நிற்கிறேன்" என்று தம்பி என் இடப்பக்கம் வந்து தோளோடு தோள் நின்றான். அவனுடைய வலது தோள், வலது கை, விலா எல்லாம் என் பலகைக்குப் பின்னால் அடங்கிவிட்டன. அவன் ஈட்டி பிடிக்க வேண்டிய பக்கம் அது. அவனுடைய திறந்த பக்கத்தை மூட என் கேடயத்தின் மறுபாதி.

சரி, என் வலப்பக்கத்தை மூடுவது யார்? யாருமில்லை. பத்து நிமிடம் அப்படியே நின்று கழியால் குத்திப் பார்த்தோம். தோள் கடுத்தது. (உண்மையான அஸ்பிஸின் குழிந்த விளிம்பைத் தோள்மேல் சாய்த்து வைத்துக்கொள்ளலாம், தட்டைப் பலகையில் அது முடியாது.) கழியை இடுப்புயரத்தில் தாழப் பிடித்தால் அதன் பின்முனை எனக்குப் பின்னால் நிற்கக்கூடிய ஆளின் வயிற்றுக்கு நேராகப் போகிறது. தோளுக்கு மேலே தூக்கினால் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் கை சீக்கிரம் ஓய்ந்துவிடும். ரோமில் வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தில் இருக்கும் கீஜி குவளை கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் எதிரெதிரே வரும் வரிசைகள் ஈட்டியைத் தோளுக்கு மேலேதான் ஓங்கியிருக்கின்றன. இடுப்புயரப் பிடியா, தோளுயரப் பிடியா என்று மோட் செய்பவர்களும் வரலாற்று மறுநிகழ்த்துநர்களும் இன்றைக்கும் விடாமல் வாதிடுகிறார்கள். அணிக்குள் நிற்கும்போது தோளுயரப் பிடி, நடந்து நெருங்கும்போது தாழ்ந்த பிடி என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

மாடியில் நடந்த இன்னொன்றைத் தம்பிதான் கவனித்துச் சொன்னான். மாடியின் நடுவில் நிற்கத் தொடங்கியவன் நான். பத்து நிமிடத்தில் என்னை அறியாமலே வலப்பக்கக் கைப்பிடிச் சுவரை ஒட்டிப் போயிருந்தேன்.

பழங்கால ஏதென்ஸின் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இதைத்தான் எழுதியிருக்கிறார். கி.மு. 418-இல் மாண்டினியாவில் ஸ்பார்ட்டா ஒரு பக்கம், ஆர்கோஸ், மாண்டினியா, ஏதென்ஸ் மறுபக்கம். போர் தொடங்குவதைச் சொல்லிக்கொண்டே வருகிறவர் நடுவில் நின்று ஒரு விளக்கம் தருகிறார். எல்லாப் படைகளும் மோதப் போகும்போது வலப்பக்கமாகவே ஒதுங்கும். காரணம் பயம். ஒவ்வொருவனும் கேடயமில்லாத தன் வலப்பக்கத்தை, வலப்பக்கத்து ஆளின் கேடயத்துக்குப் பின்னால் கொண்டுபோகப் பார்ப்பான். இதைத் தொடங்கிவைப்பவன் வலக்கோடியில் நிற்கும் முதல் ஆள். தன்னுடைய திறந்த பக்கத்தை எதிரியிடமிருந்து தள்ளி வைத்துக்கொள்ள அவன் எப்போதும் நகர்ந்துகொண்டே இருப்பான். மற்றவர்களும் அதே பயத்தில் அவன் பின்னாலேயே போவார்கள். இரண்டு படையும் இப்படியே ஒதுங்கினால், இரண்டுக்கும் வலது முனை எதிரியைத் தாண்டி வெளியே நீளும், இடது முனை சுற்றி வளைக்கப்படும்.

அன்றைக்கு நடந்ததும் அதுதான். ஸ்பார்ட்டாவின் அரசன் அஜிஸ் தன் இடது முனையை மாண்டினியர்கள் தாண்டி நீள்வதைப் பார்த்தான். இடக்கோடியில் இருந்த ஸ்கிரிட்டாய் படையையும், முன்பு பிராசிடாஸ் என்ற ஸ்பார்ட்டாத் தளபதியிடம் இருந்த வீரர்களையும் இன்னும் இடப்பக்கம் தள்ளிப் போய் மாண்டினியர்களுக்கு நேராக நிற்கச் சொன்னான். அதனால் விழுகிற இடைவெளியை அடைக்க, வலப்பக்கத்திலிருந்து இரண்டு பிரிவுகளைக் கூட்டிக்கொண்டு வரும்படி ஹிப்போனோயிடஸ், அரிஸ்டோகிளிஸ் என்ற இரண்டு தளபதிகளுக்கு ஆணையிட்டான். எதிரி கிட்டே வந்துவிட்ட நேரம். அவர்கள் வரவில்லை. ஸ்கிரிட்டாயைத் திரும்பி வந்து சேரச் சொன்னான், அதற்கும் நேரமில்லை. இடைவெளிக்குள் மாண்டினியர்களும் ஆர்கோஸின் பொறுக்கியெடுத்த ஆயிரம் பேரும் புகுந்து, ஸ்பார்ட்டாவின் இடது அணியை வண்டிகள் நின்ற இடம் வரை விரட்டினார்கள். ஆனாலும் நடுவில் ஸ்பார்ட்டா வென்றது. மெதுவாக, குழலோசைக்குக் கால் வைத்து வந்த அந்த வரிசையைப் பார்த்ததும், எதிரில் நின்றவர்களில் பெரும்பாலோர் ஒரு குத்துக்குக்கூடக் காத்திருக்கவில்லை. ஓடினார்கள், ஓட்டத்தில் சிலர் மிதிபட்டார்கள். இடத்தைவிட்டு வராத இரண்டு தளபதிகளும் பிற்பாடு கோழைகள் என்று தீர்ப்பாகி நாடுகடத்தப்பட்டார்கள்.

இந்தப் பகுதியைப் படித்த அன்றைக்கு என் விளையாட்டை நினைத்துப் பார்த்தேன். நான் அஜிஸ் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பேன்? இடைவேளைப் பொத்தானை அழுத்துவேன். இரண்டு யூனிட்டுகளைத் தேர்ந்தெடுத்து, இடைவெளி இருக்கும் இடத்தில் வலது கிளிக். அவர்கள் எதிரிக்கு முன்னாலேயே பக்கவாட்டில் நடந்து போய், கோடு போட்டதுபோல் நிற்பார்கள். 'வரமாட்டேன்' என்று ஒருவனும் சொல்லமாட்டான். என் கட்டளை காதில் விழாமல் போகாது. எதிரி ஐம்பது அடியில் வருகிறான், இப்போது திரும்பினால் என் வலப்பக்கம் அவனுக்குத் திறந்துவிடும் என்று யோசிக்கிற ஆள் அந்தக் கணக்கிலேயே இல்லை. தலைக்கவசத்தின் குதிரைமயிர்க் கொண்டை எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது, ஸ்பார்ட்டாக் கேடயத்தின் லாம்ப்டா என்ற கிரேக்க எழுத்து எந்த வருடத்தில் வந்தது என்று மோட் செய்பவர்கள் மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். அந்த உழைப்பின்மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. ஆனால் ஹாப்லைட்டை ஹாப்லைட்டாக்குவது பக்கத்து ஆள். அவன் நின்றால் நான் நிற்பேன், அவன் ஓடினால் என் பாதி உடம்பு வெளியே தெரியும். அந்த உறவை எந்த மோடும் முழுதாகக் காட்டி நான் பார்க்கவில்லை.

கொஞ்சம் காட்டுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மூல கேமிலேயே ஒரு நல்ல காரியம் இருக்கிறது. ஒரு வீரனின் தற்காப்பு மூன்று எண்களாகப் பிரிந்திருக்கும்: கவசம், திறமை, கேடயம். கவசம் எல்லாத் திசையிலும் காக்கும். கேடயத்தின் எண் முன்னாலும் இடப்பக்கமும் மட்டும்தான் செல்லும். வலப்பக்கமாக வந்து தாக்கினால் அந்த எண் கணக்கிலேயே சேராது. பாலத்தடியில் நான் தோற்றதற்கு அதுதான் காரணம். இருபது வருடத்துக்கு முந்தைய ஒரு கேம், துசிடிடீஸ் சொன்ன அந்தத் திறந்த வலப்பக்கத்தை ஒரு எண்ணாக உள்ளே வைத்திருக்கிறது. மோட் செய்தவர்கள் ஃபாலங்க்ஸ் பொத்தானை எடுத்ததும் அது வெளியே வந்தது. 2013-இல் ரோம் 2 வந்தபோது இன்னும் அழகான வீரர்கள் வந்தார்கள். ஆனால் மோதிய நிமிடமே வரிசை கலைந்து ஜோடி ஜோடியாகப் பிரிந்து ஆட ஆரம்பித்துவிடுவார்கள். தோளோடு தோள் நின்றவர்கள் எங்கே போனார்கள் என்று எனக்கு அப்போது வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அதற்கு வந்த 'டிவைட் எட் இம்பெரா' மோடில்தான் சண்டை நிதானத்துக்கு வந்து, அணி என்ற ஒன்று திரும்பத் தெரிந்தது.

தள்ளுவது பற்றியும் கேட்பார்கள். ஓதிஸ்மோஸ் என்பது கிரேக்கச் சொல், தள்ளுதல் என்று பொருள். பின்வரிசைக்காரர்கள் எல்லாரும் கேடயத்தை முன்னால் நிற்பவனின் முதுகில் வைத்து, ரக்பி ஆட்டம்போல ஒரே திணிப்பாகத் தள்ளினார்கள் என்பது ஒரு கட்சி. அது உருவகம், படை பின்வாங்கியதைச் சொல்லும் வழக்கு, அவ்வளவுதான் என்பது இன்னொரு கட்சி. கி.மு. 424-இல் டீலியத்தில் 'கேடயங்களின் தள்ளல்' நடந்ததாக துசிடிடீஸ் எழுதுவதால், முழுக்க உருவகம் என்று நான் ஒதுக்கமாட்டேன். அதேசமயம் எடுத்த எடுப்பிலேயே மார்போடு மார்பு முட்டிக்கொண்டு நின்றால் இரண்டரை மீட்டர் ஈட்டிக்கு அங்கே என்ன வேலை? ஈட்டிகள் ஒடிந்து, முன்வரிசையில் ஆட்கள் விழுந்து, ஒரு பக்கம் தளரத் தொடங்கும் கடைசி நேரத்தில் தள்ளு வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

டீலியத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஏதென்ஸ் படை எட்டு வரிசை ஆழம். தீப்ஸ் நகரத்தார் மட்டும் இருபத்தைந்து வரிசையாக நின்றார்கள். அவர்கள் பக்கத்தில் நின்ற மற்றவர்கள் அவரவர் இஷ்டப்படி நின்றதாக துசிடிடீஸ் எழுதுகிறார். ஒரே படைக்குள் ஆளுக்கொரு ஆழம். ஏதென்ஸின் வலது அணி தன் எதிரில் இருந்த தெஸ்பியாயினரைச் சுற்றி வளைத்தது. வளைத்தவர்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து எதிரெதிரே முட்டிக்கொண்டபோது, புழுதியிலும் கூச்சலிலும் அடையாளம் தெரியாமல் ஏதென்ஸ்காரர்களே ஏதென்ஸ்காரர்களைக் கொன்றார்கள். இடப்பக்கமோ தீப்ஸின் ஆழத்துக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போயிற்று. தோற்று ஓடிய அந்தக் கூட்டத்தில் ஹாப்லைட்டாக நின்றவர்களில் ஒருவர் சாக்ரடீஸ். லாக்கெஸ் என்ற தளபதியோடு சேர்ந்து, அவசரமில்லாமல் இருபுறமும் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார் என்று பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில் அல்சிபியாடீஸ் சொல்வதாக வருகிறது. அந்த நடையைப் பார்த்து எதிரிகள் அந்த இருவரையும் அண்டவில்லையாம். கேமில் ஒரு யூனிட் மனம் உடைந்தால் வெள்ளைக்கொடி மின்னும், மொத்தப் பேரும் ஒரே நொடியில் திரும்பி ஓடுவார்கள். அந்தக் கூட்டத்தில் இரண்டு பேர் நடந்து வர வழியே கிடையாது.

சாவு எண்ணிக்கையிலும் எனக்கு மனக்குறை உண்டு. ஹாப்லைட் போர்களில் நமக்குக் கிடைத்த எண்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்றில், வென்ற பக்கம் சராசரியாக நூற்றுக்கு 5 பேர், தோற்ற பக்கம் 14 பேர் என்று வருகிறது. மராத்தானில், கி.மு. 490-இல், ஏறக்குறைய பத்தாயிரம் பேர் நின்ற படையில் ஏதென்ஸ் இழந்தது 192 பேர் என்பது கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸின் கணக்கு. அந்த 192 பேருக்கும் போர்க்களத்திலேயே மண்மேடு எழுப்பினார்கள், இன்றும் அது அங்கே இருக்கிறது. கேமில் ஒரு யூனிட்டில் பாதிப் பேர் விழுந்த பிறகும் மீதிப் பேர் சண்டை போட்டுக்கொண்டே இருப்பார்கள். நான் 'வெற்றி' என்று எழுத்து வந்த பல திரைகளில் என் படையில் நூற்றுக்கு நாற்பது பேர் இறந்திருக்கிறார்கள். எந்தக் கிரேக்க ஊரும் அதை வெற்றி என்று கொண்டாடியிருக்க முடியாது. இறந்தவர்கள் அதே ஊரின் விவசாயிகள், குயவர்கள், அப்பாக்கள். கேடயத்தையும் ஈட்டியையும் தங்கள் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டு வந்தவர்கள்.

சொந்தக் காசில் வாங்க வசதியில்லாதவர்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்வியும் இங்கேயே வருகிறது. கி.மு. 479-இல் பிளாட்டியாவில் 5,000 ஸ்பார்ட்டியர்கள் நின்றார்கள். அவர்கள் ஒவ்வொருவரையும் சுற்றி ஏழு ஹெலட்டுகள், மொத்தம் 35,000 பேர் என்கிறார் ஹெரோடோட்டஸ். ஹெலட்டுகள் என்றால் ஸ்பார்ட்டாவின் நிலத்தில் கட்டுண்டு உழைத்த அடிமை மக்கள். கேடயத்தைச் சுமந்து வந்தது, தண்ணீர் கொண்டுவந்தது, கல்லும் எறிஈட்டியும் வீசியது எல்லாம் இவர்கள்தான். ஸ்பார்ட்டா ஹாப்லைட்டின் யூனிட் அட்டை எந்த மோடிலும் பார்க்க அழகாக இருக்கும்: சிவப்பு மேலாடை, நீண்ட முடி, லாம்ப்டா. அந்த அட்டைக்குப் பின்னால் ஏழு பேர் நிற்கிறார்கள் என்று ஒரு அடையாளமாவது வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. யதார்த்தம் என்ற சொல்லைத் தலைப்பில் போட்டுக்கொள்ளும் மோட், இதைப் பேசாமல் கொண்டையின் நிறத்தை மட்டும் பேசினால் எனக்கு மனம் ஒப்பாது.

இன்னொரு விஷயம், காலம். மூல கேம் கி.மு. 270-இல் தொடங்குகிறது. ஹாப்லைட்டின் பொற்காலம் அதற்குள் முடிந்துவிட்டது. கி.மு. 425-இல் ஸ்பாக்டீரியா தீவில் எறிஈட்டி, வில், கவண் வைத்திருந்த ஏதென்ஸ் பக்கத்து இலகுவான படைகள் ஸ்பார்ட்டியர்களை நெருங்காமலே அடித்துச் சோர வைத்து, 292 பேரைச் சரணடைய வைத்தன. பைலோஸ் பகுதியில் அன்றைக்குப் பறித்த கேடயங்களில் ஒன்று ஏதென்ஸின் பழைய சந்தைவெளியான அகோராவில் அகழாய்வில் கிடைத்திருக்கிறது. 'பைலோஸிலிருந்து, லாசிடெமோனியரிடமிருந்து (அதாவது ஸ்பார்ட்டாக்காரர்களிடமிருந்து) ஏதென்ஸ் மக்கள் எடுத்தது' என்று வெண்கலத்தில் குத்தி எழுதியிருக்கிறார்கள். நசுங்கி, நீள்வட்டமாகிப் போன அந்தத் தகட்டின் படத்தை நான் எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. கி.மு. 371-இல் லியூக்ட்ராவில் ஐம்பது வரிசை ஆழத்துக்கு நின்ற தீப்ஸ், பன்னிரண்டு வரிசைக்கு மேல் இல்லாத ஸ்பார்ட்டாவை உடைத்தது. கி.மு. 338-இல் கைரோனியாவில் பிலிப்பின் மாசிடோனியா எல்லாரையும் உடைத்தது.

கி.மு. 279-இல் காலியர் என்ற கெல்ட்டிய இனத்தவர் படையெடுத்து வந்ததையொட்டி, துரியோஸ் என்ற நீள்வட்டக் கேடயம் கிரேக்கத்தில் பரவியது. அதன் பிடி நடுவில், கை முஷ்டியில். கேடயம் முழுக்க அதைப் பிடித்திருப்பவனுக்கே. பக்கத்து ஆளுக்கு அதில் பங்கில்லை. அதனால் அதைத் தூக்கியவன் தனியாக ஓடலாம், குன்றில் ஏறலாம், எறிஈட்டி வீசிவிட்டுத் திரும்பலாம். யூரோப்பா பார்பரோரத்தில் 'துரியோஃபோரோய்' யூனிட்டுகள் இவர்கள்தான். பழைய ஹாப்லைட்டுகளைவிட அவர்கள் எனக்கு அதிகம் பயன்பட்டதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது என்பது ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. ஸ்பார்ட்டா சரிஸ்ஸாவுக்கு மாறியது கி.மு. 227 வாக்கில். அதன் அரசன் மூன்றாம் கிளியோமெனிஸ் 4,000 பேருக்கு டோருவை விட்டுவிட்டு சரிஸ்ஸாவை இரண்டு கையால் பிடிக்கப் பழக்கினான் என்று புளூட்டார்க் எழுதுகிறார். அகாயா கூட்டணியின் தளபதி பிலோபோமென் அதற்கு இருபது வருடம் கழித்துத் தன் ஆட்களிடமிருந்து துரியோஸை வாங்கி வைத்துவிட்டு சரிஸ்ஸாவைக் கொடுத்தான். ஆக மூல கேமில் ஸ்பார்ட்டாக்காரன் தாழ்த்திய அந்த முள்வேலி, நாற்பது வருடம் காத்திருந்தால் உண்மையாகவே அவன் கைக்கு வந்திருக்கும்.

போன வருடம் எனக்காகவே ஒரு சின்ன மோட் செய்யத் தொடங்கினேன். யூனிட்டுகளின் விவரக் கோப்பில் அணி பற்றி ஒரு வரி இருக்கும். ஒருவனுக்கும் பக்கத்தவனுக்கும் எவ்வளவு இடைவெளி, முன்னுக்கும் பின்னுக்கும் எவ்வளவு, எத்தனை வரிசை என்று எண்களாக இருக்கும். அந்த முதல் எண்ணைக் குறைத்தால் வீரர்கள் நெருங்கி நிற்பார்கள். ரொம்பக் குறைத்தால் ஒருவர் உடம்புக்குள் ஒருவர் புகுந்து நிற்பார்கள், திரும்பும்போது வரிசை பிய்ந்துவிடும். கேடயம் அடுத்தவன் தோளை மறைக்கிற அளவுக்கு ஒரு எண் கிடைக்கும் வரை இரண்டு இரவு உட்கார்ந்தேன். அப்புறம் கேடயத்தின் எண்ணைக் கூட்டி, திறமையின் எண்ணைக் குறைத்தேன். வேளாண்மை செய்துவிட்டு வந்த ஆளுக்குத் தனிச்சண்டைத் திறமை எங்கே இருந்து வரும்? மன உறுதியையும் இறக்கினேன், நூறு பேர் சாவதற்கு முன்னாலேயே ஓடட்டும் என்று. ஸ்பார்ட்டாவுக்கு மட்டும் உறுதியை விட்டுவைத்து நடையை மெதுவாக்கினேன். குழலோசை சேர்க்கத் தெரியவில்லை, கற்றுக்கொண்டிருக்கிறேன்.

மாண்டினியாவை அந்தக் கோப்போடு ஆடிப் பார்த்தேன். எனக்கு நானே சில விதிகள்: இடைவேளைப் பொத்தான் கிடையாது, நடக்க ஆரம்பித்த பிறகு யாருக்கும் புது ஆணை கிடையாது, இரண்டு படையும் நேராகப் போகாமல் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தே போக வேண்டும். எதிரியின் படையையும் முதலிலேயே அப்படிச் சாய்த்து நிறுத்திவிட்டேன். முதல் முறை, மோதிய கொஞ்ச நேரத்தில் என் இடது முனை போய்விட்டது. கை இடைவேளைப் பொத்தானுக்குப் போனது, இழுத்துக்கொண்டேன். நடுவில் எதிரி இன்னும் தொடக்கூட இல்லை, ஓட ஆரம்பித்தான். பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருபக்கம் தோற்றுக்கொண்டே மறுபக்கம் வெல்லும் அந்தக் கோணல் சண்டை, விடுதிக் காலத்திலிருந்து நான் ஆடிய எந்தச் சண்டையையும் போல இல்லை.

அடுத்த முறை தொடங்குவதற்கு முன்னால் கேமராவைக் கீழே இறக்கி, வரிசையின் வலக்கோடிக்குக் கொண்டுபோனேன். கடைசி ஆள். அவனுக்கு இடப்பக்கம் நூற்றுக்கணக்கான கேடயங்கள். வலப்பக்கம் புல்லும் கொஞ்சம் கல்லும். கேம் அவனுக்குத் தனியாக ஒன்றும் செய்து வைக்கவில்லை, மற்றவர்களைப் போலவே எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டு நின்றான். அந்த அசைவில் ஒவ்வொரு தடவையும் அவன் கால் வலப்பக்கமாகத்தான் முதலில் போயிற்று. கொஞ்ச நேரம் அவனையே பார்த்துவிட்டு, நடக்கும் ஆணையைக் கொடுத்தேன்.